பேசாமல் கடந்து போனேன்

யுத்தம் முடிந்த வருடம், வேலைக்காகக் கொழும்பு ரயிலில் தனியே ஏறினேன். "ஒருத்தரையும் நம்பாத, மகள்," என்று அழுதபடி அம்மா அனுப்பிவைத்தார்.

எதிரே இருந்த பெரியவர் சீட்டுக்கடியில் தள்ளியிருந்த பையை அடிக்கடி குனிந்து பார்த்தார். குண்டாக இருக்குமோ என்று கால்களை உள்ளிழுத்துக்கொண்டேன். வழியில் ராணுவத்தினர் சோதனைக்கு ஏறியதும் அந்தப் பையைக் கைகாட்டினேன்.

இறால் கருவாடும் குழந்தைச் சட்டையும்தான் இருந்தன. ஆனாலும் அவரிடம் அடையாள அட்டை கேட்டார்கள்.

"சுனாமியில போயித்து ஐயா, கிராமசேவகர் தந்த கடிதம்தான் இருக்கு."

இறங்கச் சொன்னார்கள்.

"ஸ்டேஷனுக்கு மருமகன் வருவார், நீலச் சேர்ட்," என்றார் என்னிடம். "நான் பிந்தித்தான் வருவன் எண்டு சொல்லிரு புள்ள."

கொழும்பில் நீலச் சேர்ட்காரர் பெட்டி பெட்டியாகத் தேடிக்கொண்டிருந்தார். என்ன கேட்பாரோ என்று பயந்து, தலைகுனிந்து கடந்து போனேன்.

கைகாட்டியதைக்கூட மன்னித்துவிட்டேன். பேசாமல் போனதைத்தான் இன்னும் மன்னிக்க முடியவில்லை.