தம்பியைக் கையளித்தல்

பிரதேச செயலகத்தில் ஓர் இலிகிதர் இடமாற்றம் பெற்றால் கதிரை, அலுமாரிச் சாவி, முத்திரை எல்லாவற்றுக்கும் பட்டியல் போட்டு, கொடுப்பவரும் எடுப்பவரும் ஒப்பமிட வேண்டும். முப்பது வருடங்களுக்கு மேல் அதைக் கண்காணித்தவன் நான். அப்படிப்பட்டவன், ஒரு மனிதப் பிறவியை இரண்டு வயதுகூட நிறையாத பேத்தியிடம் எந்த நிபந்தனையும் இல்லாமல் வாய்மொழியாகக் கையளித்துவிட்டேன்.

"உமக்குத்தான் தம்பி வரப்போறான். அவன் உம்மட தம்பி."

மகளின் வயிறு தெரியத் தொடங்கியதிலிருந்து இதையே சொல்லிவந்தேன். பொறாமை வராமலிருக்க முன்னேற்பாடு.

தன்னுடைய பொருள் என்றால் என்ன என்பதில் பேத்திக்குக் குழப்பமே இல்லை. மஞ்சள் பிளாஸ்டிக் வாத்து அவளுடையது. அதைக் கழுத்தில் பிடித்து முற்றமெல்லாம் இழுப்பாள், வேறு யாராவது தொட்டால் கடிப்பாள். தம்பியையும் அதே சட்டத்தின் கீழ்தான் நிர்வகித்தாள். மகள் பால் கொடுக்கத் தூக்கினால், "விடுங்கோ, அது என்ர" என்பாள்.

தம்பிக்கு நாலு மாதமான ஒரு காலையில், பாயில் கிடந்தவனை ஒற்றைக் காலில் பிடித்து வாசல்வரை இழுத்துப் போனாள். தலை நிலத்தில் இடித்தது. நல்லவேளை, வீக்கமில்லை. மகள் குசினியிலிருந்து ஈரக்கையோடு ஓடிவந்து அவளுக்கு ஓர் அடி போட்டாள். இரண்டும் அழுதன.

"நீங்கள் பக்கத்திலதானே இருந்தனீங்கள், அப்பா?"

"ஓம்."

"பேப்பர் பாத்துக்கொண்டு."

"ஓம்."

மகள் நெடுந்தீவில் ஆசிரியை. பிரசவ விடுமுறை அடுத்த திங்கட்கிழமையோடு முடிகிறது. அரைச் சம்பள விடுமுறை எடுக்கலாம் என்று சுற்றறிக்கையின் பந்தியைச் சொல்லி விளக்கினேன். அரைச் சம்பளத்துக்கு அரிசி தரும் கடையைக் காட்டச் சொன்னாள். மருமகன் கட்டாரில், என் மனைவி மூத்த மகளின் பேறுகாலத்துக்குக் கனடாவில். ஆகவே நெடுந்தீவு ஆசிரியர் விடுதியில் பள்ளிக்கூடம் விடும்வரை பிள்ளைகள் இரண்டையும் நான் பார்ப்பதென்று ஏற்பாடு. அந்த இழுவையோடு ஏற்பாடு மாறியது.

"இவளை நாரந்தனையில மாமியோட விடுவம். உங்களால ரெண்டையும் பாக்க ஏலாது."

"எவ்வளவு காலத்துக்கு?"

"இவன் எழும்பி நடக்குமட்டும்."

தற்காலிக இடமாற்றங்கள் எத்தனையோ பார்த்திருக்கிறேன். போனவர்களில் பாதிப்பேர் திரும்பி வந்ததில்லை. இரண்டரை வயதுக்காரிக்கு எட்டு மாதம் என்பது அவள் கண்ட உலகத்தின் கால்வாசி. அதுவும் நான் சொல்லிக் கொடுத்ததை நம்பிய குற்றத்துக்கு.

அவளைக் கொண்டுபோய்விட ஆறு நாள் கிடந்தது. அம்மாவின் மடி ஆளுக்குப் பத்து நிமிடம் என்று மணிக்கூட்டைப் பார்த்து ஆணையிட்டேன். அவளுக்கு மணிக்கூட்டில் நம்பிக்கை இல்லை. கிலுகிலுப்பை ஆளுக்கொன்று வாங்கினேன். இரண்டையும் எடுத்துக்கொண்டாள். "மெதுவாய்த் தடவும்" என்று காட்டினேன். என்னையே பார்த்தபடி ஒரு கையால் மெதுவாகத் தடவினாள், மற்றக் கையால் கிள்ளினாள்.

சனிக்கிழமை விடுதியைக் கூட்டித் துப்புரவாக்க, இறுப்பிட்டி வீட்டிலிருந்து நால்வரும் குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போனோம். மறுநாள் திரும்பியதும் அவளை நாரந்தனையில் மகளின் மாமியாரிடம் கொண்டுபோய் விடுவது. அவளுடைய சின்னப் பை தயார். மேலே வாத்து.

எங்கள் படகு இன்னொரு படகுக்கு அப்பால் கட்டியிருந்தது. கடல் கொஞ்சம் அடித்தது.

"பிள்ளையளை முதல் தாங்கோ," என்றார் படகுக்காரர்.

இந்தத் துறையில் எழுதப்படாத விதி ஒன்று உண்டு. வாங்குபவர் "பிடிச்சிட்டன்" என்று சொல்லும்வரை கொடுப்பவர் கையை எடுக்கக் கூடாது. முதலில் பேத்தி போனாள். பிறகு தம்பி, மகளின் கையிலிருந்து முதற்படகில் நின்றவரிடம், அவரிடமிருந்து படகுக்காரரிடம், அவரிடமிருந்து உள்ளே இருந்த ஒரு வயதான அம்மாவிடம். பிடிச்சிட்டன், பிடிச்சிட்டன், பிடிச்சிட்டன். சேவைக்காலம் முழுவதிலும் இவ்வளவு ஒழுங்கான கையளிப்பை நான் கண்டதில்லை.

"அது என்ர தம்பி," என்று பேத்தி கத்தினாள்.

"உன்ரையோ?" என்றார் அந்த அம்மா. "எங்களுக்குத் தெரியாமப் போச்சு. அப்ப இந்தா, பிடி பாப்பம்."

அவளைப் பலகையில் இருத்தித் தம்பியை மடியில் வைத்தார். தன் கையை அவனுக்குக் கீழிருந்து எடுக்கவில்லை.

"பிடிச்சிட்டியோ? சொன்னாத்தான் விடுவன்."

படகு ஆடியது. பேத்தி இரண்டு கையாலும் அவனைக் கட்டிக்கொண்டாள். அவனைக் கீழேயிருந்து தாங்கிப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"பாரம்," என்றாள் கடைசியில். "ஏலாது."

"அப்ப ஆரிட்டக் குடுக்கப்போறாய்?"

சுற்றிப் பார்த்தாள். என்னையும் பார்த்தாள். என் தகுதிகளைப் பரிசீலித்து நிராகரித்துவிட்டு, அப்போதுதான் ஏறிவந்த மகளைக் காட்டினாள். மகள் குனிந்து தூக்கப் போனபோது பேத்தி தம்பியின் சட்டையை விடவில்லை.

"அம்மா, சொல்லுங்கோ."

"பிடிச்சிட்டன், ராசாத்தி."

விட்டாள்.

அன்று பின்னேரம் விடுதியில் மகள் கூட்டிக்கொண்டிருந்தாள். நான் பாயருகே, இம்முறை பேப்பர் இல்லாமல் இருந்தேன். பேத்தி பையிலிருந்து வாத்தை எடுத்துத் தம்பியின் கையருகே நீட்டினாள். அவன் விரல்கள் வாத்தின் வாலைச் சுற்றும்வரை கழுத்தை விடாமல் காத்திருந்தாள். "பிடிச்சிட்டான்" என்று அவனுக்காகத் தானே சொல்லிவிட்டுக் கையை எடுத்தாள். வாத்து விழுந்தது. எடுத்து மறுபடி கொடுத்தாள். ஒன்பதாவது தடவை அலுத்துப்போய் அவனைக் கிள்ளப் பார்த்தாள். நான் கையைக் குறுக்கே வைத்தேன். கிள்ளு எனக்கு விழுந்தது.

மகள் தும்புத்தடியோடு வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். கிள்ளு விழுந்ததையும்தான்.

"கையை வைச்சுக்கொண்டே இருப்பீங்களோ, அப்பா?"

"ஓம்."

"பேப்பர்?"

"நீ வந்தாப் பிறகு பாக்கிறன்."

தும்புத்தடியைச் சுவரில் சாத்தினாள். பிறகு வெளியே போய், மதிலடியில் சிக்னல் கிடைக்கும் இடத்தில் நின்று, "மாமி, நாளைக்கு எங்களைப் பாத்துக்கொண்டு இருக்காதையுங்கோ" என்று சொல்வது கேட்டது.