சுரங்கப்பாதையில் சிரித்த பேய்

எங்கள் ஊர் ரயில் பாதைக்கு அடியில் ஒரு சுரங்கப்பாதை உண்டு. அதில் ஒரு பெண் பேய் சிரிக்கும் என்று வருஷக்கணக்காக ஊரே நம்புகிறது. அந்தப் பேய் என் சித்தி. சத்தியமாகத்தான் சொல்கிறேன்.

கல்யாணத்துக்கு முன்னால் சித்தியும் சித்தப்பாவும் ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை பார்த்தார்கள். அவர் மெஷினில் துணி போடுவார், அவள் இஸ்திரி போடுவாள். வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில், அந்தச் சுரங்கப்பாதையில்தான் இரண்டு வார்த்தை பேசிக்கொள்ள முடியும். சித்தப்பா உருப்படியாகப் பேசினால்தானே? கால் நீண்ட சூப்பர்வைசருக்குக் கொக்கு என்று பேர் வைத்து, அவர் நடையை நடந்து காட்டுவார். சித்தி சிரிப்பாள். அவள் சிரிப்பு லேசுப்பட்டதல்ல. விக்கி, இழுத்து, கடைசியில் கீச்சென்று முடியும். அது சுவரில் மோதி மேலே தெருவரைக்கும் கேட்டது. ரயிலில் அடிபட்டவள் சிரிக்கிறாள் என்று கதை கட்டிவிட்டார்கள். இல்லையென்று சொன்னால் வீட்டில் மாட்டிக்கொள்ள வேண்டும், ஆகவே இருவரும் வாயைத் திறக்கவில்லை. கல்யாணத்துக்குப் பிறகும் சித்தப்பா அவளைப் "பேயே" என்றுதான் கூப்பிட்டார்.

போன வருஷம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. கை கால் ஓரளவு தேறியது, பேச்சு வரவில்லை. வரலாம், வராமலும் போகலாம் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். சித்தி அவருக்கும் சேர்த்துப் பேசினாள். "சாப்பிடறீங்களா? சாப்பிடறேன்னு சொல்லுங்க. சரி, போடறேன்." கேட்டுக்கொண்டிருக்கும் எனக்கு எரிச்சலும் வரும், அழுகையும் வரும்.

ஒரு நாள் அவளே சொன்னாள்: "கதை கதையா பேச வேணாம்டி. ஒரு தடவை பேயேன்னு கூப்பிட்டா போதும் எனக்கு."

அப்போதுதான் அந்தப் பேயை வைத்துப் படம் எடுக்க நாலைந்து பேர் வந்தார்கள். பேய்க்கு உடுப்பு தைக்க வக்கில்லாமல், பழைய படுக்கை விரிப்பு கேட்டுச் சலவைப் பிரிவில் வந்து நின்றார்கள். இன்னமும் அங்கேயே வேலை பார்க்கும் சித்தி கிழிசலாகப் பார்த்து இரண்டு எடுத்துக் கொடுத்தாள். இஸ்திரி போட்டுத்தான் கொடுத்தாள். பேயாகவே இருந்தாலும் கசங்கலோடு போகலாமா?

படப்பிடிப்பு பார்க்கச் சித்தப்பாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனோம். பட்டப்பகலில் சுரங்கப்பாதையின் இரண்டு வாயிலும் கறுப்புத் துணி கட்டி இருட்டாக்கியிருந்தார்கள். பேயாக நடித்த பெண் சிரித்தாள். பாவம், பல்வலியில் முனகுவது போல இருந்தது. "இன்னொரு தடவை, இன்னொரு தடவை" என்று டைரக்டர் தலையில் அடித்துக்கொண்டார். அவர் ஒட்டடைக்குச்சி மாதிரி ஆள். தரையில் கிடந்த ஒயர்களை மிதிக்காமல் காலைத் தூக்கித் தூக்கி வைத்து எங்கள் பக்கம் வந்தார்.

சித்தப்பாவின் வாய் கோணியது. "கொ... கொக்கு."

சித்தி அவரைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு சிரித்தாள் பாருங்கள், விக்கி, இழுத்து, கீச்சென்று! கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்டச் சிரித்தாள். பேயாக நடித்த பெண் அலறிக்கொண்டு போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். மைக் பிடித்திருந்தவர் மட்டும் அசையாமல் நின்று பதிவு செய்துகொண்டார்.

"அக்கா, இந்தச் சிரிப்பையே படத்துல வச்சுக்கலாமா?" என்று டைரக்டர் கேட்டார்.

"வச்சுக்கோங்க தம்பி. கொக்கு யாருன்னு மட்டும் கேக்காதீங்க."

அதற்குப் பிறகு சித்தப்பாவுக்குத் தண்ணி, ஃபேன், போதும் என்று ஒவ்வொன்றாக வந்தது. அந்த ஒரு வார்த்தை மட்டும் வரவில்லை. எதிர்பார்ப்பதை விட்டுவிட்டேன் என்றாள் சித்தி. நான் நம்பவில்லை.

படம் வந்ததும் மூன்று பேரும் தியேட்டருக்குப் போனோம். கதை உப்புச்சப்பில்லாத கதைதான். ஆனால் அந்தச் சிரிப்பு வந்த இடத்தில் தியேட்டரே அலறியது. முன் சீட்டுப் பெண் காதைப் பொத்திக்கொண்டாள். சித்தப்பா திரையைப் பார்க்கவில்லை. பக்கத்துச் சீட்டில் துழாவிச் சித்தியின் கையைப் பிடித்தார்.

"பேயே" என்றார்.

"இருக்கேங்க" என்றாள் சித்தி. "இங்கதான் இருக்கேன்."