அறுபது வோல்ட்டின் சூடு

டைனமோவுக்கும் படக்கருவியின் ஆர்க் விளக்குக்கும் நடுவே ஓர் இரும்புக் கூண்டு இருந்தது. உள்ளே கம்பிச் சுருள்கள். ரெசிஸ்டன்ஸ் பெட்டி என்போம். படம் ஓடும்போது அதன் அருகே போனால் முகம் காயும். நாமகிரிப்பேட்டையில் கீற்றுக் கொட்டகை போட்டுப் படம் காட்டிய கோடை அது. நான் டைனமோ எஞ்சினைப் பார்த்துக்கொண்டேன். படம் ஓட்டியவர் என் அக்காவின் கணவர். சேலத்துக்காரர், அதிகம் பேசமாட்டார்.

டைனமோ தந்தது நூற்றுப்பத்து வோல்ட். விளக்குக்கு ஐம்பது போதும். மிச்ச அறுபதையும் அந்தப் பெட்டிதான் சூடாக மாற்றித் தீர்க்க வேண்டும். மாமா முப்பது ஆம்பியருக்கு மேல் போகவிடமாட்டார்.

பக்கத்து ஊரில் இன்னொரு கொட்டகை வந்தது. அங்கே திரை பளிச்சென்று தெரிகிறதாம். ஒரு மதியம் முதலாளி ஆபரேட்டர் அறைக்கே வந்துவிட்டார்.

“ஏனுங்க ஆபரேட்டரே, படம் மங்கலா இருக்குதுன்னு சனம் சொல்லுதுங்க. வெளிச்சத்தக் கூட்டுங்க.”

மாமா சாக்கட்டியால் தகரச் சுவரில் கணக்குப் போட்டார். அறுபது வோல்ட்டை முப்பது ஆம்பியரால் வகுத்தால் தடை இரண்டு ஓம்; பெருக்கினால் ஆயிரத்து எண்ணூறு வாட். ஐம்பது ஆம்பியர் வேண்டுமென்றால் தடையை ஒன்றேகால் ஓமுக்கும் கீழே இறக்க வேண்டும். அதற்குச் சுருள்களைக் கழற்றியாக வேண்டும். மிஞ்சும் கொஞ்சக் கம்பியில் மூவாயிரம் வாட் சூடு.

“கம்பி செவந்துருமுங்க. மேல கீத்து, பக்கத்துல பிலிம். பெட்டிய வெளிய கல்லு மேல வெச்சுக் குடுங்க, கூட்டறேன்.”

“அதெல்லாம் அடுத்த ஊர்ல பாத்துக்கலாமுங்க.”

“அப்ப நான் ஓட்டலைங்க.”

மறுநாளே சேலத்திலிருந்து இளைஞன் ஒருவன் ஆபரேட்டராக வந்தான். மாமா அவனிடமும் சொன்னார். “முதலாளி சொல்றாருங்க அண்ணா, நான் என்னங்க பண்றது?” என்றான். அவன் சுருள்களைக் கழற்றுவதை மாமா வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஊருக்குக் கிளம்பவில்லை. சாயங்காலம் தரை டிக்கெட் வாங்கி, பக்கவாட்டுத் தட்டிச் சுவரோரம் உட்கார்ந்தார். உட்காரும் முன் தட்டிகளின் கயிற்று முடிச்சுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தியதை நான் பார்த்தேன்.

திரை அன்று அப்படி ஒளிர்ந்தது. சனங்கள் சந்தோஷமாக ஆரவாரித்தார்கள். எஞ்சின் மட்டும் சுமை தாங்காமல் திணறியது. இடைவேளைக்கு முன்பே ஆபரேட்டர் அறையின் மேல் கீற்றில் தீ ஏறியது. அந்தக் காலத்துப் பிலிம் பஞ்சைவிட வேகமாக எரியும். நான் எஞ்சினை நிறுத்தினேன். மாமா தட்டிகளை உதைத்துத் தள்ளினார். அந்த வழியாகக் கூட்டம் மொத்தமும் கடலைக் காட்டுக்குள் ஓடித் தப்பியது. பிறகு அவர் அறைக்குள் நுழைந்து அந்தப் பையனை இழுத்துவந்தார்.

சேலம் ஆஸ்பத்திரியில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில்.

“எத்தன ஆம்பியர் வெச்ச, சாமி?” என்று மாமா கேட்டார்.

“அம்பதுதான் வெச்சனுங்க. முதலாளி இன்னுங் கொஞ்சம்னாரு. முள்ளு அறுபதத் தொட்டுதுங்க.”

அறுபது வோல்ட்டை அறுபது ஆம்பியரால் பெருக்கினால் மூவாயிரத்து அறுநூறு; மாமா விட்டிருந்தது ஆயிரத்து எண்ணூறு. மாமாவின் உதடுகள் அசைந்தன. “ரெட்டிப்பு” என்றார்.

இன்று சேலத்தில் குளிரூட்டிய அரங்குகள் இருக்கின்றன. அங்கே உட்காரும்போதெல்லாம் எனக்கு அந்த வார்டுதான் நினைவுக்கு வருகிறது. பையன் விடியுமுன்பே இறந்துபோனது தெரியாமல், மகனுக்குத் தயிர்ச்சோறு பிசைந்து கொண்டுவந்தாள் அவன் தாய். கட்டில் காலியாக இருந்தது. நர்ஸ் சொன்னதைக் கேட்டு வெகுநேரம் அதன் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து மாமாவின் பக்கம் வந்தாள். அவருடைய இரண்டு கைகளிலும் கட்டு. அந்தச் சோற்றை உருட்டி உருட்டி அவருக்கு ஊட்டினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு, கடைசி உருண்டைவரை வாங்கிக்கொண்டார்.