நெறி கட்டாத கால்

எங்கள் வீட்டில் கால் காயத்துக்கு ஒரே பரிசோதனைதான். முள் குத்தினாலும் சரி, ஆணி ஏறினாலும் சரி, தொடை இடுக்கில் விரலை வைத்து அமுக்கிப் பார்ப்போம். நெறி கட்டியிருந்தால் கிளினிக். கட்டவில்லை, காய்ச்சலும் இல்லை என்றால் மஞ்சளை அப்பிக்கொண்டு வேலைக்குப் போகலாம். தோட்டத்தில் பிறந்த நாங்கள் எல்லாரும் அப்படித்தான் வளர்ந்தோம். குருபோங் தொழிற்சாலைக்கு வந்து இருபது வருடமாகியும் எனக்கு அந்தப் புத்தி போகவில்லை. அதனால்தான் என் அண்ணனுக்கு ஒரு கால் போனது. புத்தியைக் குறை சொல்லி என்ன, என்னால்தான் போனது.

அண்ணன் நியாலாஸ் பக்கம் செம்பனைத் தோட்டத்தில், எண்ணெய்ப்பனையில்தான், குலை வெட்டுகிறவர். ஐம்பது தாண்டியதும் முட்டி வலி வந்து, காலையில் எழுந்திருக்கவே சுவரைப் பிடிக்க வேண்டியதாகிவிட்டது. நான் சும்மா இருந்திருக்கலாம். இருப்பேனா, எனக்குத்தான் எல்லாம் தெரியுமே! பாசார் மாலாம் இரவுச் சந்தையில் ஒரு டப்பா ஜாமு மாத்திரை வாங்கினேன். வெறும் வேரும் இலையும்தான் என்று விற்றவர் சத்தியம் பண்ணினார். டப்பாவில் ஒரு பெயர்கூடக் கிடையாது. மூன்றே நாளில் அண்ணன் குந்தி உட்கார்ந்து எழுந்தார். அதற்கப்புறம் மாதாமாதம் நான்தான் வாங்கிக் கொடுத்தேன். அண்ணிக்கு இந்த மாதிரி மருந்தெல்லாம் பிடிக்காது, தோண்டித் துருவிக் கேட்பார். அவரிடம் சொல்ல வேண்டாம் என்று அண்ணனிடம் சொன்னதும் நான்தான். அவர் மாத்திரையை வேலைப் பையிலேயே வைத்துக்கொண்டார்.

ஒன்றரை வருடத்தில் அவருக்கு முகம் வட்டமாக உப்பிவிட்டது. பார்த்தவர்கள் எல்லாம் ஆள் சதை போட்டுவிட்டார், நன்றாக இருக்கிறார் என்றார்கள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

ஒரு திங்கட்கிழமை செம்பனை மட்டையின் முள் ஒன்று பூட்ஸைத் துளைத்துக்கொண்டு பாதத்தில் ஏறியது. பிடுங்கிப் போட்டுவிட்டு மனுஷன் வேலை பார்த்திருக்கிறார். வியாழக்கிழமை அண்ணி எனக்குப் போன் பண்ணினார். புண்ணைச் சுற்றி நிறம் மாறுகிறது, இவர் சாப்பாட்டைத் தொடவில்லை, ஜாசினில் கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போகட்டுமா என்று கேட்டார். நான் பெரிய டாக்டருக்குப் படித்தவள் மாதிரி வரிசையாக விசாரித்தேன். காய்ச்சல்? இல்லை. வீக்கம்? பெரிதாக இல்லை. சிவந்திருக்கிறதா? இல்லை. சீழ்? இல்லை. நெறி? அமுக்கிப் பார்த்துவிட்டு, அதுவும் இல்லை என்றார்.

"அப்புறம் என்னலா அண்ணி? ஒன்னுமில்லாததுக்கு ஊரக் கூட்டாதீங்க," என்றேன்.

அண்ணி அதோடு பேச்சை விட்டுவிட்டார். அந்த வீட்டில் என் வார்த்தைக்கு அவ்வளவு மதிப்பு. போனை அண்ணனிடம் கொடுக்கச் சொல்லி, வலித்தால் இன்னொரு மாத்திரை சேர்த்துப் போட்டுக்கொள்ளச் சொன்னேன்.

சனிக்கிழமை அண்ணன் வாந்தி எடுத்தார், நாக்குக் குழறியது. மலாக்கா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தபோது பாதம் கறுத்து நாற்றமெடுத்திருந்தது. வார்டில் இருந்த டாக்டர் ஒரு தமிழ்ப் பெண், சின்ன வயசு. அண்ணன் முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, ஜாமு, நாட்டு மருந்து ஏதாவது சாப்பிடுகிறாரா என்று கேட்டார். அண்ணி இல்லை என்றார், அவருக்குத் தெரியாது. நானும் இல்லை என்றேன். எனக்குத் தெரியும். அண்ணி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார், அவ்வளவுதான் காரணம். இதைவிட நல்ல காரணம் இருந்தால் சொல்லியிருக்க மாட்டேனா?

மறுநாள் காலை அண்ணனுக்குப் பிரஷர் இறங்க ஆரம்பித்தது. என்ன மருந்து ஏற்றியும் நிற்கவில்லை. டாக்டரை மாடிப்படி ஓரம் கூப்பிட்டு, அண்ணன் பையிலிருந்து எடுத்த டப்பாவைக் கையில் கொடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஓடிப்போய் ஒரு ஊசி போடச் சொல்லிவிட்டு, பிரஷர் கொஞ்சம் ஏறிய பிறகுதான் என்னிடம் வந்தார்.

"வீக்கம், சிவப்பு, சூடு, சீழ், நெறி, இதெல்லாம் நோய் இல்லக்கா. கிருமிய நிறுத்த ஒடம்பு செய்யற வேலை."

பிறந்ததிலிருந்தே தோலுக்கடியில் காவல் இருக்கிற அணுக்கள் உண்டாம். முன்பின் பார்க்காத கிருமியாக இருந்தாலும், இது நம் வீட்டு ஆள் இல்லை என்று அவற்றுக்குத் தெரிந்துவிடுமாம். உடனே பக்கத்து ரத்தக் குழாய்களை அகலமாக்கி உதவிக்குக் கூப்பிடும். அந்த இடம் சிவப்பதும் சுடுவதும் வீங்குவதும் அதனால்தான். வெள்ளை அணுக்கள் குழாயை விட்டு வெளியே வந்து கிருமியை விழுங்கும், விழுங்கிவிட்டு அங்கேயே சாகும். சீழ் என்று நாம் முகம் சுளிக்கிறோமே, அதில் பாதி அவற்றின் பிணம்தான். கிருமி பெருகக் கூடாது என்று உடம்பு தானே ஏற்றிக்கொள்கிற சூடுதான் காய்ச்சல். நான் வாங்கிக் கொடுத்த மாத்திரையில் யாரோ ஸ்டீராய்டைக் கலந்திருக்கிறார்கள். அண்ணன் முகம் உப்பியதும் அதனால்தானாம், பிறகு சோதனையிலும் அதுதான் வந்தது. முட்டி வீக்கத்தை அடக்கிய கையோடு அது இந்தக் கூப்பாட்டையும் அடக்கிவிட்டது. கிருமி உள்ளே தின்றுகொண்டே போயிருக்கிறது, தட்டிக் கேட்க ஆள் வரவில்லை. இத்தனை நாள் மாத்திரையிலேயே ஓடிய உடம்பு, தானாகச் சுரக்க வேண்டிய ஸ்டீராய்டைச் சுரக்கவும் மறந்துவிட்டதாம். ஆஸ்பத்திரியில் மாத்திரை நின்றதும் பிரஷர் விழுந்தது. முதல் நாளே தெரிந்திருந்தால் முதல் நாளே அதையே ஊசியாகப் போட்டிருப்பார்கள்.

போனில் அண்ணி சொன்ன ஐந்து இல்லையும் எனக்கு நல்ல செய்தியாகக் கேட்டிருக்கிறது. பாவி நான்.

உயிர் தப்பியது. முட்டிக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். நான் வலி தீர்த்த முட்டி மட்டும் மிச்சம்.

அண்ணனுக்குப் பேச்சுத் தெளிந்த அன்று, அண்ணியிடம் சொல்லிவிடுவது என்று மனசைக் கல்லாக்கிக்கொண்டுதான் போனேன். ஜாமு விஷயம் டாக்டர் மூலம் அண்ணிக்குத் தெரிந்திருந்தது. யார் வாங்கிக் கொடுத்தது என்று அண்ணனைத் துளைத்துக்கொண்டிருந்தார். நான் வாயெடுப்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டார்.

"நான்தான் ஒனக்குத் தெரியாம வாங்கிச் சாப்பிட்டேன். தங்கச்சிதான் பையில பாத்துட்டு டாக்டர்கிட்ட சொல்லியிருக்கு."

சொல்லும்போது அவர் என் பக்கமே திரும்பவில்லை. நான் அப்போது பேசியிருக்க வேண்டும். அப்புறம் பேசலாம் என்று விட்டேன். அதற்கப்புறம் ஒவ்வொரு மாதமும் தோட்டத்துக்குப் போகிறேன், சாப்பிடுகிறேன், திரும்பி வருகிறேன். அண்ணி செயற்கைக் காலைப் பொருத்திவிடும்போதெல்லாம் திருட்டு மருந்து தின்ற மனுஷன் என்று அண்ணனை வறுத்தெடுப்பார். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொள்வார். நான் அடுப்படிக்குப் போய்விடுவேன்.

போன மாதம் லூபோக் சீனாவில் சொந்தத்தில் ஒரு கல்யாணம். அண்ணி என்னைத் தன் பக்கத்தில் உட்காரவைத்து, என் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டு, சுற்றி இருந்த பெண்களிடமெல்லாம் சொன்னார்.

"என் தாலி நெலச்சது இவளாலதான்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். விடுங்கண்ணி என்று சொல்லி, நான் கூச்சத்தோடு சிரித்தேன்.