சித்தி உப்புப் போட்ட தண்ணீர்

எங்கள் சித்தப்பாவை எவனாலும் ஏமாற்ற முடியாது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவரே சித்தப்பாதான்.

உண்மையில், திருச்சுழிப் பக்கம் எதையாவது விற்க வந்தவர்களில் அவரை ஏமாற்றாமல் போனவர் குறைவு. கரண்டு பில்லைப் பாதியாகக் குறைக்கும் டப்பா என்று ஒன்றை வாங்கி மாட்டினார். பில் குறையவில்லை, டப்பாவில் பச்சை விளக்கு மட்டும் அழகாக எரிந்தது. எலியை விரட்டும் மிஷின் ஒன்றை அருப்புக்கோட்டையிலிருந்து கொண்டுவந்தார். எலி அதன் மேலேயே உட்கார்ந்து நிலக்கடலை தின்றது. பேராசையில் வாங்குகிறவர் இல்லை, பாவம். நல்லது ஒன்று வந்தால் முதலில் தன் தெருவுக்கு வரவேண்டும் என்று நினைக்கிற மனுஷர். அதனால்தான் அவர் சொன்னால் தெருவே வாங்கும்.

நான் ஐந்தாவது படிக்கும்போது, தண்ணீரைச் சுத்தம் செய்யும் மிஷின் விற்க ஒருவர் சித்தப்பா வீட்டுக்கு வந்தார். சட்டையை இன் பண்ணி, கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிட்டிருந்தார். ஒரு தம்ளரில் எங்கள் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் அவர் கேனில் கொண்டுவந்திருந்த மிஷின் தண்ணீர். இரண்டிலும் கம்பி வைத்த ஒரு சாமானை இறக்கி, பிளக்கைச் சொருகினார். மிஷின் தண்ணீர் அப்படியே இருந்தது. எங்கள் தண்ணீர் மஞ்சளாகி, பச்சையாகி, கடைசியில் சாக்கடையாகக் கறுத்தது.

"இதத்தான்ணே தினமும் குடிக்கிறீங்க. பிள்ளைக கிட்னி என்னத்துக்காகும்?" என்றார் அவர். சித்தப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "நாளைக்குத் தெருவையே கூட்டிர்றேன் தம்பி. மொத மிஷினு என் வீட்டுக்கு" என்று வாக்குக் கொடுத்தார். கடைசி பஸ்ஸைப் பிடிக்கவேண்டும் என்று மிஷின்காரர் பெட்டியையும் கேனையும் சித்தப்பா வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனார்.

மிஷின் வாங்கப் பணத்துக்கு என்ன வழி? சித்தியின் இரண்டு வெள்ளாடுகள்தான் வழி. கல்யாணத்தின்போது பிறந்த வீட்டில் கொடுத்துவிட்ட ஆட்டின் வம்சம் அவை. அதில் ஒன்று சினை. எங்கள் பக்கம் அப்படி வந்த ஆடு பெண்டுகள் சொத்து, கேட்காமல் கை வைக்கமாட்டார்கள். சித்தப்பாவும் கேட்கத்தான் செய்தார். "பிள்ளைக கிட்னிய விட ஒனக்கு ஆடு பெருசா?" என்று கேட்டார். இப்படிக் கேட்டால் எந்தத் தாய் என்ன பதில் சொல்வாள்? சித்தி ஆட்டுக்குத் தழை போடப் போய்விட்டாள். நரிக்குடி ஆட்டு வியாபாரிக்குப் போன் போய்விட்டது.

மறுநாள் விடிந்ததும் பால் வாங்க சித்தி வீட்டுக்குப் போனேன். அடுப்படியில் நாலைந்து தம்ளர்கள் கவிழ்ந்து கிடந்தன. உப்புச் சாடி திறந்திருந்தது. பின்னால் முருங்கைத் தூரில் கறுப்பாக எதையோ ஊற்றியிருந்தது. "என்ன சித்தி இது?" என்றேன். "பாத்திரம் வெளக்குன தண்ணி. நீ பாலை வாங்கிட்டுப் போ" என்றாள். நானும் போனேன். எனக்குப் பள்ளிக்கூடக் கவலை இல்லை, அன்று ஞாயிற்றுக்கிழமை.

பத்து மணிக்குள் முற்றம் நிறைந்துவிட்டது. மிஷின்காரர் தண்ணீரைக் கறுக்க வைத்தார். பெண்கள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சித்தப்பா தானே கண்டுபிடித்த மாதிரி நிமிர்ந்து நின்றார். ஆட்டு வியாபாரியும் வந்து, சினையாட்டின் வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் சித்தி முன்னால் வந்து, "அந்த நல்ல தண்ணியில ஒரு வாய் தாங்க தம்பி" என்று வாங்கிக் குடித்தாள். முகத்தைச் சுளித்தாள். "என்ன இது, சப்புன்னு இருக்கு. ஒரு ருசியுமில்ல."

எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் ஊர்க் குழாயில் வருவது போர்வெல் தண்ணீர், உப்புக் கரிக்கும். குடித்துப் பழகிய நாக்குக்கு வேறு தண்ணீர் இறங்காதுதான். சித்தி உள்ளே போய் ஒரு சிட்டிகை உப்பை எடுத்துவந்து தம்ளரில் போட்டு, விரலால் கலக்கி, இன்னொரு வாய் குடித்தாள். "இப்பத்தான் நம்மூர்த் தண்ணி மாதிரி இருக்கு" என்றாள். சிரிப்பு இரண்டு மடங்காயிற்று. சித்தப்பா தலையில் அடித்துக்கொண்டார். எனக்கு அவமானமாக இருந்தது. இப்படி ஒரு வெகுளி நமக்குச் சித்தியாக வாய்த்தாளே என்று.

"ஏங்க, அந்தக் கம்பிய இதுலயும் ஒருக்க விடச் சொல்லுங்க. கறுக்காதுல்ல? பயமில்லாமக் குடிக்கலாம்" என்றாள் சித்தி.

"உப்புப் போட்டா மிஷின் கெட்டுரும்க்கா" என்றார் மிஷின்காரர், கொஞ்சம் அவசரமாக.

மிஷினைக் குறைத்துப் பேசினால் சித்தப்பாவுக்குப் பொறுக்காது. "அட, ஒரு சிட்டிகை உப்புக்கா கெட்டுரும்? கெட்டா நான் பொறுப்பு தம்பி" என்று தானே கம்பியை இறக்கி பிளக்கைச் சொருகினார்.

மஞ்சளாயிற்று. பச்சையாயிற்று. பிறகு குழாய்த் தண்ணீரைவிட மோசமாகக் கறுத்தது.

சித்தப்பா தம்ளரையே பார்த்தார், கம்பியைப் பார்த்தார். பிறகு நிதானமாகக் கேட்டார். "தண்ணி ஒங்க தண்ணி. உப்பு நாங்க கொழம்புக்குப் போடுற உப்பு. அப்ப இந்தக் கறுப்பு எங்கேருந்து வந்துச்சு, தம்பி?"

மிஷின்காரர் பெட்டியைக் கட்டினார். சித்தி மட்டும் அவருக்கு ஒரு தம்ளர் மோர் கொடுத்து, "வெயில்ல போறீக, குடிச்சிட்டுப் போங்க" என்றாள். ஆட்டு வியாபாரி வெறுங்கையோடு பஸ் ஏறினார்.

உப்புத் தண்ணீரில் கரண்டு நன்றாகப் பாயும், கம்பியின் இரும்புதான் கரைந்து கறுக்கிறது, தண்ணீரின் அழுக்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று பின்னால் பாடத்தில் படித்தேன். எங்கள் தெருவுக்கு அது முன்பே தெரிந்திருந்தது. யார் எதை விற்க வந்தாலும், "எங்க தண்ணியில, எங்க சாமான்ல செஞ்சு காட்டுங்க" என்று கேட்கப் பழகிவிட்டார்கள். சித்தப்பாதான் சொல்லிக்கொடுத்தார். அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம், "என்கிட்டயா?" என்று முடிப்பார். அதன்பிறகு நிஜமாகவே அவர் ஏமாறவில்லை. பெயரைக் காப்பாற்ற வேண்டுமே!

சித்தி ஆட்டுக்குக் கழுநீர் வைத்தபடி, "ஆமா, அவுக கண்ணுக்கு எது தப்பும்?" என்பாள். சினையாடு போட்ட இரண்டு குட்டிகளும் அவள் சேலையைக் கடித்துக்கொண்டிருக்கும். சித்தப்பா எப்பேர்ப்பட்ட மூளைக்காரர் என்று நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பேன். அந்தக் காலையில் முருங்கைத் தூரில் கிடந்த கறுப்பைப் பற்றி அப்போதெல்லாம் எனக்கு ஒருநாளும் நினைப்பே வந்ததில்லை.