கேரியர் நின்ற கணக்கு

நீங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது அம்மாவோடு எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தீர்கள். ஆலை வாசலில் இருந்த கரும்பலகையைப் பார்த்து, இத்தனை கோணல் எழுத்தில் எழுதியது யார் என்று கேட்டுச் சிரித்தீர்கள். அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. இப்போது எழுதிவைக்கிறேன்.

நான் அந்தச் சர்க்கரை ஆலையில் ஃபிட்டர். கள்ளக்குறிச்சியைச் சுற்றி விளையும் கரும்பு, மாட்டுவண்டியிலும் டிராக்டரிலும் வந்து இறங்கும். ஓடும் சங்கிலிப் பாதை ஒன்று அதை அள்ளிக்கொண்டுபோய் அரவைக்குள் கொட்டும். அதைக் கேரியர் என்போம். அது நின்றால் ஆலையே நிற்கும். அதைப் பழுதில்லாமல் பார்த்துக்கொள்வது எங்கள் பகுதியின் வேலை.

முன்பெல்லாம் ஷிப்டு மாறும்போது கேரியரைக் கொஞ்சம் நிறுத்துவோம். ஆயில்காரர் சங்கிலிக்கு எண்ணெய் விடுவார். நான் சங்கிலிக் கண்ணிகளைக் கோர்க்கும் பின்களைத் தட்டிப் பார்த்து, தேய்ந்ததை மாற்றுவேன். அதை யாரும் குற்றமாக நினைத்ததில்லை.

ஒரு வருஷம், பராமரிப்பு வேலை எப்படி நடக்கிறது என்று அளந்து பார்க்க வேண்டும் என மேலே இருந்தவர்களுக்குத் தோன்றியது. எண்ணம் தப்பில்லை. ஆனால் அவர்கள் அளந்தது ஒன்றைத்தான்: யாரால் ஆலை எவ்வளவு நேரம் நின்றது என்பதை. அதற்காகத்தான் அந்தப் பலகை வந்தது. பகுதிக்கு ஒரு கட்டம் போட்டு, நின்ற நேரத்தைத் தினமும் எழுதினார்கள்.

அதற்குப் பிறகு ஆலை நின்றால் நாங்கள் ஸ்பேனரைத் தேடவில்லை, ஆளைத் தேடினோம். மோட்டார்தான் என்போம் நாங்கள். செயின்தான் என்பார்கள் கரண்டுக்காரர்கள். கடைசியில் இரண்டு பேரும் சேர்ந்து, கரும்போடு கல் வந்துவிட்டது என்று, கரும்பு இறக்கும் யார்டு ஆட்கள் தலையில் கட்டுவோம். தியாகதுருகத்து வண்டிக்காரர் ஒருவர் இதைக் கேட்டுக்கொண்டே நின்றார். "யாரு பேருல எழுதுனா இன்னாங்க, எம் மாடு நின்னுக்கினுதான கீது" என்றார்.

ஷிப்டு மாறும்போது நிறுத்துவதும் எங்கள் பெயரில் ஏறியது. அதனால் எங்கள் பகுதிப் போர்மேன் அந்த வழக்கத்தையே விட்டுவிட்டார். கெட்ட மனுஷர் இல்லை. அந்தப் பருவத்தில் எங்கள் கட்டம் வெறுமையாக இருந்ததில் அவருக்கு ஒரு பெருமை. ஆயில்காரர், மூங்கில் கழி நுனியில் துணியைச் சுற்றி எண்ணெயில் தோய்த்து, ஓடுகிற சங்கிலியிலேயே தடவ ஆரம்பித்தார். அவர் வடக்கனந்தல்காரர், என் வயதுதான்.

"ஒரு நாளு என்னையும் அரைச்சி மூட்டை கட்டிடும் மச்சான், உன் வூட்டு டீக்கு வந்துடுவேன்" என்பார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பழையபடி நிறுத்தலாம் என்று போர்மேனிடம் கேட்டேன். இந்த அரவைப் பருவம் முடியட்டும் என்றார்.

பொங்கல் கழிந்து ஒரு காலையில் ஆயில்காரரின் கழி சங்கிலியில் மாட்டிக்கொண்டது. அவர் பிடியை விடவில்லை. வலது கையும் சேர்ந்து உள்ளே போனது. நான் ஓடிப்போய் நிறுத்தும் கயிற்றை இழுத்தேன். ஆலை அடங்கியது.

போர்மேனும் நானும் அவரை வெளியே எடுத்துப் படுக்க வைத்தோம். ஏன்யா கழியை விடவில்லை என்று கேட்டேன்.

"வுட்டா செயின்ல சிக்கி நின்னுடுமே மச்சான். நம்ம பேருல ஏறிடும்."

அந்த நேரம் பார்த்து, பலகை எழுதுகிறவர் சாக்பீஸோடு வந்தார். ஆலை நின்றால் வந்து கேட்பது அவருடைய வேலை. கீழே கிடப்பவரைக் கவனிக்காமல், "இது யாரு கணக்குங்கண்ணே?" என்றார்.

போர்மேன் கையெல்லாம் ரத்தம்.

"எழுதாத" என்றார்.

மறுநாள் அவரே பலகையில் எங்கள் கட்டத்தின் நடுவில் ஒரு கோடு போட்டார். ஒரு பக்கம் 'தானாக நின்றது', மறுபக்கம் 'நாமாக நிறுத்தியது'. இரண்டாவது பக்கம் எவ்வளவு ஏறினாலும் தன்னைக் கேட்டால் போதும் என்று மேலதிகாரியிடம் சொல்லிவிட்டு வந்தார். நாங்கள் ஷிப்டுக்கு ஷிப்டு நிறுத்தினோம். உங்க கேரியருக்கு வயசாயிடுச்சா, அடிக்கடி உக்காந்துக்குதே என்று கரண்டுக்காரர்கள் கேலி செய்தார்கள். பொறுத்துக்கொண்டோம். தானாக நிற்பது மெல்ல மெல்லக் குறைந்தது.

ஆயில்காரர் மூன்று விரல்களை இழந்து திரும்பி வந்தார். போர்மேன் அவருக்குப் பலகை எழுதும் வேலையை வாங்கிக் கொடுத்தார். இடது கையால் எழுதப் பழகினார்.

நீங்கள் மாமா என்று கூப்பிடுகிறவர்தான் அவர். அன்றைக்கு நீங்கள் சிரித்தபோது பக்கத்தில்தான் நின்றிருந்தார். வலது கையைத் துண்டுக்குள் வைத்துக்கொண்டு, உங்களோடு சேர்ந்து அவரும் சிரித்தார்.