நான்கு ஏ, முதலாம் இலக்கப் பிழை

கிளிநொச்சியில் நான் வேலை செய்யும் அலுவலகத்துக்கு ஒரே தொழில்தான். வெளிநாட்டு நிறுவனங்கள் செய்யும் கணினி விளையாட்டுகளை, அவை வெளிவருமுன் விளையாடிப் பார்த்துப் பிழைகளைப் பட்டியல் போடுவோம். இலக்கம், பிழை, வரும் இடம், கடுமை என்று நான்கு நிரல்கள். பட்டியல் எனக்குப் பிடிக்கும். அது பொய் சொல்லாது என்று நம்பியிருந்தேன்.

சென்ற வருடம் ஒரு 'நான்கு ஏ' விளையாட்டு வந்தது. பெரும் பணம் கொட்டிச் செய்பவற்றை மூன்று ஏ என்பார்கள். இது அதற்கும் மேலாம். மூன்று பாடமே உள்ள உயர்தரப் பரீட்சையில் மூன்று ஏக்கு மேல் கேள்விப்படாத அம்மா, "நாலு ஏயோ? ஆர் திருத்தினது?" என்று கேட்டா.

"தாங்களே போட்டுக்கொண்டது, அம்மா."

"அந்த வசதி உனக்கும் இருந்திருந்தா ரெண்டாம் முறை சோதினை எடுத்திருக்கத் தேவையில்லை."

ஒரு நாள் காலை வேலையின் நடுவே மின்சாரம் நின்றது. மின்சாரம் போனால் தாங்கும் அலுவலகப் பற்றரி திருத்தப் போயிருந்தது. மின்சாரம் திரும்பியபோது, நான் இரண்டு வாரமாக விளையாடிய பதிவு முழுவதும் இல்லை. தேடிப் பார்த்ததில் காரணம் தெரிந்தது. விளையாட்டு தானாகவே பதிகிறது. புதிய பதிவை எழுதுமுன் பழையதை அழிக்கிறது. அந்தச் சில விநாடிக்குள் மின்சாரம் போனால் இரண்டும் இல்லை. வேண்டுமென்றே, பதியும் நேரம் பார்த்து, மூன்று தடவை பிளக்கைப் பிடுங்கினேன். மூன்று தடவையும் போயிற்று.

அதை முதலாம் இலக்கமாக எழுதி, கடுமை நிரலில் 'கிறிட்டிக்கல்' என்று போட்டேன். அப்படிப் போட்டால் திருத்தும்வரை விளையாட்டை வெளியிட முடியாது. மற்றவை சுவருக்குள்ளால் நடக்கும் ஆடு, தலைமயிர் இல்லாமல் வரும் அரசி போன்ற சில்லறைகள்; அவற்றுக்கு 'மைனர்', திருத்தாமலும் வெளியிடலாம்.

எங்கள் குழுவுக்குப் பொறுப்பான அக்கா என் கதிரைக்குப் பின்னால் வந்து நின்றா. "தங்கச்சி, இதை மைனரில போடுங்கோ. வாங்கிற ஆக்களின்ர ஊரில கரண்ட் போகாது."

"எங்கட ஊரில போகுமே, அக்கா."

"எங்கட ஊருக்கெண்டு ஆர் கேம் செய்யினம்? திகதியைப் பிந்தப் பண்ணினா அடுத்த வேலை எங்களுக்கு வராது."

நான் மாற்றினேன். ஒரு சொல்தான், இரண்டு தடவை அழுத்தினால் போதும். விளையாட்டு சொன்ன திகதியில் வெளிவந்தது. விளம்பரங்களில் ஆடு சரியாக நடந்தது. அரசிக்கும் தலைமயிர் இருந்தது.

புளியங்குளத்தில் தொலைபேசி திருத்தும் கடை வைத்திருக்கும் என் அண்ணா அதை வாங்கினார். விளையாட்டில் அவருக்கு அவ்வளவு ஆசை இல்லை. முடித்தவர்களுக்கு மட்டும் கடைசியில் செய்தவர்களின் பெயர்கள் ஓடும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். "உன்ர பெயர் வரேக்க படம் எடுத்து அம்மாவுக்குக் காட்டப்போறன்" என்றார். மூன்று மாதமாகக் கடை பூட்டும் ஞாயிறுகளில் மட்டும் விளையாடினார். மின்சாரம் அடிக்கடி போகும் மழைக்காலம் தொடங்கியிருந்தது. ஒவ்வொரு ஞாயிறும் நான் வானத்தைப் பார்த்தேன், வாய் திறக்கவில்லை.

நானும் பக்கத்தில் இருந்த ஒரு ஞாயிறு, கடைசிச் சண்டைக்கு முன்னால், மத்தியானம் இரண்டு மணிக்கு, மின்விசிறி நின்றது. அரை மணித்தியாலத்தில் மின்சாரம் வந்தது. திரையில் 'புதிய ஆட்டம்' என்ற ஒரு வரி மட்டும் இருந்தது.

"இவ்வளவு பெரிய பிழையை அங்க ஒருத்தரும் காணேல்லையோ?"

"நான் கண்டனான், அண்ணா."

"பிறகு?"

"மைனர் எண்டு போட்டதும் நான்தான்."

விளையாட்டு வந்த பெட்டியின் அட்டை மேசையில் கிடந்தது, நான்கு ஏயும் பொன் நிறத்தில்.

"அப்ப உன்ர பெயர் கட்டாயம் வரத்தான் வேணும்" என்று சொல்லிவிட்டு, அந்த ஒரு வரியை அழுத்தினார்.